கையேட்டைச் சரிபார்ப்பவர் கணினியின் முன் அமர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் எழுதி அனுப்பும் கணினிக் கையேடுகளை இன்னொருவர் சரிபார்த்த பிறகே அச்சிடுவது என்று தங்கள் நாளிதழ் எடுத்திருக்கும் முடிவைக் குறை கூறி, சென்ற ஞாயிற்றுக்கிழமை கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஊதியம் எதுவும் பெறாமல், இரவு கண்விழித்து எழுதித் தருபவரின் எழுத்தில் குற்றம் கண்டுகொண்டிருந்தால் நாளைக்கு எழுத யார் முன்வருவார்கள் என்பது அவருடைய கேள்வி. எழுத்துப் பிழையை மட்டும் நீக்கி வெளியிட்டால் போதும் என்பது அவருடைய முடிவு. அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கையேட்டைச் சரி என்று சொல்லி அனுப்பியவன் நான். அதன் விளைவை எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் இரண்டு வாரம் அனுபவித்தார்கள்.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கிராணியாக, அதாவது தோட்ட எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்த பிறகு, எஞ்சியிருக்கும் கோவில் மண்டபத்தின் பின்னறையில் சிறிய படிப்பகம் ஒன்றை நடத்தி வருகிறோம். அங்கே ஆறு கணினிகள் உள்ளன. ஓர் அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கியவற்றைக் கேட்டு வாங்கி வந்தோம். அவற்றில் இருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவடையும் என்பதும், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு அந்தப் பழைய கணினிகளில் இல்லை என்பதும் முன்பே தெரிந்திருந்ததால், பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் 2024-ஆம் ஆண்டிலேயே அவற்றில் டெபியன் 12 என்னும், யாரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய திறந்த மூல இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார். பணச் செலவு இல்லை. பிள்ளைகளும் ஒரே மாதத்தில் பழகிக்கொண்டார்கள்.

2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் டெபியன் 13 வெளிவந்தது. பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்கு மாறுவது எப்படி என்று அதே தம்பி பதினொரு படிகளில் தமிழில் ஒரு கையேடு எழுதி, தங்கள் நாளிதழுக்கு அனுப்புவதற்கு முன்பு, "ஐயா, நீங்கள் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்று என்னிடம் தந்தார். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றுச் சேர்த்தேன். ஒருமை பன்மை மயங்கிய நான்கு வாக்கியங்களைச் சீர்செய்தேன். "கணிணி" என்றிருந்ததை எல்லா இடங்களிலும் "கணினி" ஆக்கினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். அந்தக் கையொப்பத்தை நம்பி, ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஐந்தாம் படிவ மாணவர்கள் இருவர் ஆறு கணினிகளிலும் வேலையைத் தொடங்கினார்கள்.

வேலை முதலில் நின்றுபோனது எங்கள் தமிழால்தான். ஆங்கிலத்தில் அப்டேட் என்பதும் அப்கிரேட் என்பதும் வேறு வேறு வேலைகள். முன்னது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இப்போது கிடைக்கிறது என்னும் பட்டியலை மட்டும் இணையத்திலிருந்து இறக்கி வைக்கிறது. கணினியில் உள்ள எந்தப் பொருளையும் அது தொடுவதில்லை. பின்னதுதான் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. கடைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்குவதற்கும் சாமான் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு. தம்பியின் கையேட்டில் இரண்டுக்கும் "புதுப்பிக்கவும்" என்றே இருந்தது. ஒரே சொல் அடுத்தடுத்து வந்ததால், "கூறியது கூறல்" என்று கருதி இரண்டாவதை அடித்துவிட்டவன் நான்தான். எனவே, அந்த மாணவர்கள் பட்டியலை நான்கு முறை இறக்கிவிட்டு, பிழைச்செய்தி எதுவும் வராததைக் கண்டு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். கணினி இன்னமும் பன்னிரண்டிலேயே இருந்தது. தமிழ் நடை என்ற அளவில் என் திருத்தம் குற்றமற்றது. செய்முறை என்ற அளவில் அது ஒரு படியையே விழுங்கிவிட்டது. இப்போது நாங்கள் முன்னதைப் "பட்டியலைப் புதுப்பித்தல்" என்றும், பின்னதை "மேம்படுத்தல்" என்றும் பிரித்து எழுதுகிறோம். இதைவிடப் பொருத்தமான சொற்கள் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல் மட்டும் கூடாது.

விட்டுப்போன படியைத் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடர்ந்தபோது, இரண்டாவது சிக்கல் எழுந்தது. மேம்படுத்தும் வேலை பாதியில் நின்று, "இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்; மென்பொருளுடன் வரும் புதிய கோப்பை வைக்கவா, உங்களுடையதை விட்டுவிடவா?" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் கேட்கிறது. அமைப்புக் கோப்பு என்பது, ஒரு மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பு. ஒய் என்னும் எழுத்தைத் தட்டினால் புதியது வரும். என் என்னும் எழுத்தைத் தட்டினாலோ, எதுவும் சொல்லாமல் என்டர் விசையை அழுத்தினாலோ நம்முடையது நிலைக்கும். கையேட்டில் இருந்த வாக்கியம் இது: "கேள்வி கேட்டால் ஒய் என்று கொடுத்துக்கொண்டே செல்லவும்." தம்பி தம் சொந்த மடிக்கணினியில் செய்து பார்த்துத்தான் எழுதியிருந்தார். அவர் எந்த அமைப்புக் கோப்பையும் கைப்பட மாற்றியவர் அல்லர் என்பதால் அந்தக் கேள்வி அங்கே எழவே இல்லை. எங்கள் படிப்பகத்தில் ஒரு கணினிதான் மற்ற ஐந்துக்கும் வலையமைப்பு முகவரியைப் பங்கிட்டுத் தருகிறது. அதற்காக நாங்கள் எழுதிவைத்திருந்த கோப்பு அந்த ஒரு தட்டலில் மறைந்தது. ஆறு கணினிகளும் இணையத்தை இழந்தன. பழைய கோப்பு அழிந்துவிடவில்லை என்பதும், அதே கோப்புறையில் பெயரின் கடைசியில் டிபிகேஜி ஓல்டு என்னும் ஒட்டுடன் பத்திரமாக இருக்கிறது என்பதும் எங்களுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த ஒரு வரி கையேட்டில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மீண்டிருப்போம்.

கட்டளைகளை இக்கடிதத்தில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். கையேட்டில் அவை ரோமன் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது சிக்கலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆறாவது கணினியில், அதன் செயலி 64 பிட்டாக இருந்தும், பழைய வகையான 32 பிட் டெபியன் நிறுவப்பட்டிருந்தது. டெபியன் 13-இல் அந்த வகைக்கான கெர்னல் என்னும் இயங்குதளக் கருவும், நிறுவும் மென்பொருளும் கிடையாது. அத்தகைய கணினியை மேம்படுத்த வேண்டாம், இயன்றால் 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவுங்கள், இயலாவிட்டால் கருவிக்கு ஓய்வு கொடுங்கள் என்று டெபியன் திட்டத்தின் வெளியீட்டுக் குறிப்புகள் தெளிவாகவே சொல்கின்றன. கணினி எந்த வகை என்பதை ஒரே வரிக் கட்டளை சொல்லிவிடும். அந்த வரி கையேட்டின் முதல் படியாக இருந்திருக்க வேண்டும். அது இல்லை, இல்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை. எழுதப்பட்டிருப்பதில் பிழை பார்ப்பவனுக்கு, எழுதாமல் விடப்பட்டது கண்ணில் படுவதில்லை.

இதற்கிடையில் நான்கு மணிக்கு வழக்கம்போல் இடி மின்னலுடன் மழை வந்து மின்சாரம் போய்விட்டது. பாதி மென்பொருள் பிரிக்கப்பட்டும் பாதி அமைக்கப்படாமலும் இரண்டு கணினிகள் அணைந்தன. நம் ஊர்களில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் வேலை என்றால் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். பாதியில் நின்ற அமைப்பு வேலையைத் தொடர, மென்பொருளை நிறுவும் கருவியான டிபிகேஜியிடம் "மீதம் உள்ள எல்லாவற்றையும் அமை" என்று சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதன் பின், ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான மற்றொன்று இல்லாமல் உடைந்துபோன சார்புகளைச் சீர்செய்யும் கட்டளை ஒன்றும் உண்டு. இணையம் இல்லாத நிலையில் இவற்றை எங்கே போய்த் தேடுவது? மேம்படுத்தல் கையேடு என்பது வேலை நன்றாக நடக்கும்போது அல்லாமல், நடுவில் முறியும்போதுதான் கையில் எடுக்கப்படுகிறது என்பதை அன்று இருட்டறையில் அமர்ந்து உணர்ந்தேன். திரையில் நடந்ததையெல்லாம் கோப்பில் பதிந்து வைக்கும் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளையைத் தொடக்கத்திலேயே இயக்கிவிட வேண்டும் என்று டெபியன் குறிப்புகள் பரிந்துரைப்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. எது வரை நடந்தது என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். செக்ரோல் என்னும் வருகை, சம்பளப் பதிவேட்டில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று அலுவலகத்தில் அமர்ந்து பார்ப்பது ஒரு வகைச் சரிபார்ப்பு. வேலையாட்களைக் கூட்டிப் பெயர் பதியும் விடியற்காலைப் பெரட்டில் நின்று, பெயரைக் கூப்பிட்டு, ஆளைக் கண்ணால் கண்டபின் கோடு போடுவது இன்னொரு வகை. கூட்டல் அணுவளவும் பிசகாத செக்ரோலில் வெளிக்காட்டு வேலைக்கே போகாத ஆளின் பெயர் இருக்கலாம். முப்பத்தொரு ஆண்டுகள் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், கணினிக் கையேடு என்றதும் கூட்டலை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

ஆகவே சரிபார்ப்பவர் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றி, சூடுபட்ட பிறகு எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். எழுதியவரின் கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில், பழைய பதிப்பு உள்ள நிலையிலிருந்து தொடங்கி, கையேட்டில் உள்ளதை மட்டும் செய்துகொண்டு கடைசிப் படி வரை போக வேண்டும். தமக்குத் தெரிந்ததைக் கொண்டு இடைவெளியை நிரப்பக் கூடாது. இதுதான் மிகக் கடினம்; விவரம் அறிந்தவரின் விரல்கள், கையேட்டில் இல்லாத படியைத் தாமாகவே செய்துவிடும். எங்கள் படிப்பகத்தில் இப்போது இந்த வேலைக்கு மிகவும் தகுதியானவர் என்று நாங்கள் கருதுவது கணினி கற்ற மாணவர்களை அல்ல. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் அக்காவைத்தான். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளி கூடத் தெரியாது என்பதைக் கையேடு சொல்லவில்லை என்று கண்டுபிடித்தவர் அவர். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணி இரண்டு முறை கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்திருக்கிறார். தமிழ் விசைமுகம் இயங்கிக்கொண்டிருக்கும்போது கட்டளையைத் தட்டினால் தமிழ் எழுத்துகள்தாம் வரும், முதலில் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும் என்பதும் அவரால் சேர்ந்த வரியே. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே முரசு என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கி வைத்ததன் பயனாகக் கணினியில் தமிழில் தட்டுவது நமக்கு இயல்பாகிவிட்டது. அந்த இயல்பே இங்கே இடறலாகும் என்பது தனியே தமிழ்க் கையேட்டில் மட்டுமே எழுதப்படக்கூடிய செய்தி, எந்த ஆங்கில ஆவணத்திலும் கிடைக்காது.

அடுத்தது, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு என்னும் கேள்வி. தம்பி முதலில் இட்டிருந்த தலைப்பு "பழைய டெபியனிலிருந்து புதிய டெபியனுக்கு" என்பதாகும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 2021-இல் வெளிவந்த டெபியன் 11-ஐ வைத்திருப்பவரும் அதைப் பார்த்துத் தொடங்கிவிடுவார். டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பதற்கு ஆதரவு இல்லை, பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குச் சென்ற பிறகே பதின்மூன்றுக்குப் போக வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி என்னும் மற்றொரு திறந்த மூல இயங்குதளத்தை உருவாக்குவோர், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி மேம்படுத்தல் வழிகாட்டி எழுதி, அதன் தலைப்பிலேயே இரண்டு எண்களையும் இட்டுவிடுகிறார்கள். பின்பற்றத் தக்க பழக்கம். எண்ணோடு, சரிபார்த்த நாளும் வேண்டும். உபுண்டு என்னும் இன்னொரு திறந்த மூல இயங்குதளத்தின் 24.04 பதிப்பு 2024 ஏப்ரல் 25-இல் வந்தது; ஆனால் முந்தைய நீண்டகால ஆதரவுப் பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு அது ஆகஸ்டு மாதத்தில் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே மேம்படுத்தலாக வழங்கப்பட்டது. ஒரே கட்டளை மே மாதத்தில் "புதிய பதிப்பு இல்லை" என்றும், செப்டம்பரில் "இருக்கிறது" என்றும் சொல்லும். நாளைக் குறிப்பிடாத கையேட்டைப் படிப்பவர் தம்மையே குறை சொல்லிக்கொள்வார்.

தம்பியின் கையேட்டில் இன்னும் சில விடுபடல்கள் இருந்தன. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பன்னிரண்டையே அதன் கடைசித் திருத்தம் வரை கொண்டுவர வேண்டும். மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மூலப்பட்டியலில் பதிப்பின் பெயரை மாற்றும்போது பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரியிலும் மாற்ற வேண்டும். வெளியார் மென்பொருள் களஞ்சியங்களை அந்நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும். கணினியைத் துவக்கும் கோப்புகளுக்கென்று வட்டில் தனிப் பிரிவு இருந்தால் அது 768 மெகாபைட்டாவது இருந்து, அதில் ஏறத்தாழ 300 மெகாபைட் காலியாக இருக்க வேண்டும். புதிய பொருள்களைச் சேர்க்காத சிறு மேம்படுத்தல் முதலில், முழு மேம்படுத்தல் பிறகு என்று இரண்டு கட்டமாகச் செல்ல வேண்டும். இவை அனைத்தும் வெளியீட்டுக் குறிப்புகளில் உள்ளவை. நான் அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்திருக்கலாம். அவசரப்பட்டிருக்கவும் தேவையில்லை, டெபியன் 12-க்கான நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. இந்தச் செய்தியையே கையேட்டின் முதல் பத்தியாக வைத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எழுதுபவரின் மனம் புண்படும் என்று அந்த வாசகர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் புண்படுத்துவது சரிபார்ப்பு அல்ல, சரிபார்க்கும் விதம். முதல் முறை நான் செய்ததுதான் உண்மையில் புண்படுத்தியது: அவர் எழுதிய தாளை முழுவதும் சிவப்பாக்கிக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன வேலையை ஒருமுறை கூடச் செய்து பார்க்காமல் இருந்தேன். இரண்டாவது முறை, "ஐந்தாவது படியில் எனக்கு இந்தச் செய்தி வந்தது, உங்களுக்கு என்ன வந்தது?" என்று திரைப் பதிவோடு கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை, அன்றிரவே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) மூன்று பதில்கள் வந்துவிட்டன. திருத்தத்தை நாமே எழுதிவிடாமல் கேள்வியாகத் திருப்பி அனுப்புவதும், ஏற்பதோ மறுப்பதோ எழுதியவரின் உரிமை என்று விடுவதும், ஏற்காவிட்டால் காரணத்தைக் கேட்டுக்கொள்வதும் திறந்த மூலத் திட்டங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஒரு கேள்வியைக் கேட்கும்போது மட்டும் எனக்கே தயக்கமாக இருந்தது: எட்டாவது படியில் உள்ள பத்தி சொந்தமாக எழுதியதா, எங்கிருந்தாவது மொழிபெயர்த்ததா? வெளியீட்டுக் குறிப்புகளிலிருந்து மொழிபெயர்த்தேன் என்றார். அவை குனூ பொது உரிமம் என்னும் திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிடப்பட்டவை. அதன் நிபந்தனைகளைப் பின்பற்றினால் பயன்படுத்தத் தடை இல்லை. எங்கிருந்து எடுத்தது என்று இப்போது அந்த இடத்தில் குறிப்பு இருக்கிறது.

இனித் தங்கள் அலுவலகத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கையேடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அச்சுக்கோக்கும்போது கெட்டுவிடலாம். சில கட்டளைகளில் இரண்டு சிறுகோடுகள் சேர்ந்து வரும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் அவற்றை அழகுபடுத்துவதாக எண்ணி ஒரே நீளக்கோடாக ஆக்கிவிடும். நேரான மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். நீண்ட வரி பத்தியின் அகலத்துக்கு அடங்காவிட்டால், நடுவில் உடைத்து, இல்லாத சிறுகோடு ஒன்றை இட்டுவிடும். படிப்பவர் அச்சில் கண்டதை அப்படியே தட்டுவார், கணினி ஏற்காது, பழி எழுதியவர் மேல் விழும். எனவே சரிபார்ப்பவருக்குக் கைப்படியோடு, அச்சுக்குப் போகும் பக்கத்தின் படியையும் அனுப்பி, அதைப் பார்த்துத் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சரிபார்த்தவரின் பெயரையும், எந்த வகைக் கணினியில் எந்த நாளில் செய்து பார்த்தார் என்பதையும் கட்டுரையின் அடியில் இரண்டு வரியில் அச்சிடுங்கள். கையொப்பம் இடுபவருக்கு அது சற்று அச்சத்தைத் தரும், தரட்டும்.

தம்பி திருத்தி எழுதிய கையேடு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பதினொரு படிகள் பத்தொன்பதாகியிருக்கின்றன. இந்த முறை அக்காவும் நானும் மழை இல்லாத ஒரு காலை வேளையில் நான்காம் கணினியில் முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்த்தோம். அதற்காகவே அதில் மீண்டும் பன்னிரண்டை நிறுவ வேண்டியிருந்தது. ஆறாம் கணினி இன்னமும் 32 பிட்டிலேயே இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அதற்குப் புதிதாக நிறுவுவோம். பதினான்காம் படியில் உள்ள கட்டளை தங்கள் ஒற்றைப் பத்தி அகலத்துக்கு நிச்சயம் அடங்காது. அதை மட்டும் இரண்டு பத்தி அகலத்தில், ஒரே வரியாக அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.